கேட்காமல் விட்ட பள்ளத்தாக்கு

எனக்குப் பனிச்சறுக்கத் தெரியாது. மலையேறவும் தெரியாது. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், பிக்கரிங்கில் எங்கள் வீட்டு ட்ரைவேயில் வழுக்கி விழுந்து ஒருமுறை கை முறிந்தது. அதுதான் எனக்கும் பனிக்குமான நெருக்கம். ஆனாலும் நாட்டின் மற்றக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில், இன்றைக்கு எந்த உயரத்தில், எந்தத் திசை பார்த்த சரிவில் பனியை நம்பக்கூடாது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். மார்கழி தொடங்கிச் சித்திரை வரைக்கும், காலை ரயில் யூனியன் நிலையத்துக்கு வந்து சேருவதற்குள் அந்த மலைகளின் பனிச்சரிவு அறிக்கையை இரண்டு தரம் வாசித்து முடித்துவிடுவேன். சுற்றியிருப்பவர்கள் சமையல் வீடியோ பார்ப்பார்கள், தூங்குவார்கள். நான் பலவீனமான படை எத்தனை சென்ரிமீற்றர் ஆழத்தில் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

எல்லாம் இவரால் வந்தது. இவர் என்றால் என் கணவர். மார்க்கம் நகரில் ஒரு கம்பியூட்டர் நிறுவனத்தில் வேலை. நாற்பத்தேழு வயது வரைக்கும் இவர் செய்த ஒரே உடற்பயிற்சி சோபாவுக்கு அடியில் ரிமோட் தேடுவது. அலுவலகத்தில் ஒரு கியூபெக்காரர், பிறந்ததிலிருந்து பனிச்சறுக்குக் கட்டையில் நிற்கிறவர், இவரையும் இன்னொரு நண்பரையும் ஒருநாள் ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு சின்னக் குன்றுக்குக் கூட்டிப் போனார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இரண்டு குளிர்காலம் போவதற்குள் இவருக்கு அந்தக் குன்று போதாமல் போய்விட்டது. இழுத்து ஏற்றும் கம்பி இல்லாத, காவலாளி இல்லாத, வேலி இல்லாத மலைதான் வேண்டுமாம். கட்டைக்கு அடியில் பின்னால் வழுக்காமல் இருக்க ஒரு துணியை ஒட்டி, மூச்சு வாங்க வாங்க நாலு மணித்தியாலம் ஏறி, அரை மணித்தியாலத்தில் கீழே வந்துவிடுவார்களாம். இதுக்கு விமானத்தில் போக வேண்டும், லீவு எடுக்க வேண்டும்.

நான் சண்டை பிடித்தேன். எனக்கு இருப்புக் கொள்ளாத சுபாவம். யாராவது பத்து நிமிடம் பிந்தினாலே வாசலுக்கும் குசினிக்கும் நடக்கிற ஆள். என்னைத் தெரிந்துகொண்டே இந்த விளையாட்டைத் தேடிப் பிடித்திருக்கிறாரே என்பதுதான் என் கோபம். இவர் எதிர்த்துக் கதைக்கவில்லை. பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்தார். படித்ததை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்கும் படிப்பித்தார். பயந்த ஆளுக்குப் பயத்தின் கணக்கைக் காட்டினால் பயம் குறையும் என்று நினைத்திருக்க வேண்டும்.

அந்த மாசி மாதம் முழுக்க எங்கள் பின்வளவில் பயிற்சி நடந்தது. பீக்கன் என்று ஒரு சின்னக் கருவி. மலைக்குப் போகிற ஒவ்வொருவரும் நெஞ்சோடு கட்டியிருப்பார்கள். அது ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் பனிக்குள் புதைந்துபோனால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அந்தச் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இவர் ஒரு பீக்கனைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டுப் பனிக்குள் புதைத்துவிட்டு என்னைத் தேடச் சொல்வார். அம்புக்குறியையும் எண்ணையும் பார்த்து நடந்து, எண் குறைந்த இடத்தில் முழங்காலில் இருந்து, நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, பெட்டி தட்டுப்பட்டதும் சவலால் தோண்ட வேண்டும். பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் ஆள் பிழைக்க நல்ல வாய்ப்பு; அதுக்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் இறக்கம்தான். நான் ஐந்து நிமிடத்தில் எடுத்தேன். இவருக்கு எட்டு நிமிடம். பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, மோதிரம் ஏதும் தொலைந்துவிட்டதா என்று கேட்டார். சாப்பாட்டுப் பெட்டி என்று சொன்னேன். பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பயம் குறையவில்லை. பயத்துக்கு எழுத்து வாசிக்கத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். பனி ஒரே மூச்சில் விழுவதில்லை, படை படையாக விழுகிறது என்று அறிந்துகொண்டேன். தெளிந்த குளிர் இரவுகளில் பனியின் மேற்பரப்பில் இறகு மாதிரி மெல்லிய பளிங்குகள் முளைக்கும். பார்க்க வடிவாக இருக்குமாம். அடுத்த பனி விழுந்து அதை மூடிவிடும். மூடினாலும் ஒட்டாது. மாவுக்கு மேல் பலகை வைத்த மாதிரி மேல்படை சும்மா கிடக்கும், வாரக்கணக்கில் கிடக்கும். முப்பது பாகைக்கு மேல் சாய்ந்த சரிவில் ஒருவன் கால் வைத்தால் போதும், பலகை முழுதாக உடைந்து வழுக்கும். அறிக்கையில் ஆபத்துக்கு ஐந்து படி போட்டிருப்பார்கள். நாலாவதும் ஐந்தாவதும் எனக்குப் பிரச்சினை இல்லை. அன்றைக்கு யாரும் போகமாட்டார்கள். நான் பயப்படுவது மூன்றாவதுக்குத்தான். கணிசம் என்று அதுக்குப் பெயர். கணிசம் என்றால் போகலாம் என்று நினைக்கிறவர்களும் இருப்பார்கள்.

வகுப்பில் சொன்ன முதல் பாடம் பீக்கன் அல்ல. எங்கே போகிறோம், எந்த வழியால் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் முதல் பாடம். சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் அந்த ஆள்தான் மீட்புக்காரரைக் கூப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் சனத்துக்கு வெளிக்கிடுகிறவரைப் பார்த்து “எங்கை போறாய்?” என்று கேட்கும் வழக்கம் இல்லை. கேட்டால் போன காரியம் சரிவராது. அறியாமல் யாராவது கேட்டுவிட்டால், வெளிக்கிட்டவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்ப உள்ளே வந்து, இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார். அறிய விரும்பினால் “தூரமோ?” என்று கேட்கலாம். அதுக்கு மேலே கேட்கக்கூடாது. வெளிக்கிடுகிறவரும் “போறன்” என்று சொல்லமாட்டார், “போட்டு வாறன்” என்பார். இருபத்தெட்டு வருடமாக ரொறன்ரோவில் இருக்கிறேன். மகள் வாசலில் சப்பாத்து மாட்டும்போது இன்றைக்கும் என் வாயிலிருந்து அந்தக் கேள்வி வராது. வந்தால் பிடித்து விழுங்கிவிடுவேன்.

எங்கள் வீட்டில் இது மற்ற வீடுகளைவிடக் கூட. அதுக்குக் காரணம் இருக்கிறது. எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது, யாழ்ப்பாணத்தில், ஒருநாள் காலை அண்ணா சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் திறந்தான். அம்மா பார்த்துக்கொண்டு நின்றா. கேட்கவில்லை. அவன் “போட்டு வாறன்” என்றான். வரவில்லை. பிறகு விசாரித்தவர்கள் எல்லாரும் அம்மாவிடம் கேட்டது ஒரே கேள்விதான்: எந்தப் பக்கம் போனவர்? எங்கள் சந்தியில் மூன்று தெரு பிரிகிறது. அம்மா மூன்றிலும் நடந்தா, மாதக்கணக்காக நடந்தா. இன்றுவரை அவன் எந்தத் தெருவால் போனான் என்று எங்களுக்குத் தெரியாது. இதுக்குப் பிறகாவது அம்மா கேட்கத் தொடங்கியிருப்பா என்று நினைப்பீர்கள். இல்லை. சந்தியில் யாரோ அவனை “எங்கை போறாய்?” என்று கேட்டிருக்க வேண்டும், அதனால்தான் இப்படி ஆனது என்று அம்மா நம்பினா. பிறகு ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாவது மாடியில் என்னோடு இருந்த காலத்திலும், நான் வேலைக்கு வெளிக்கிடும்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்பா. அந்த அம்மாவின் பிள்ளை நான்.

இனி அந்தச் சனிக்கிழமை.

அந்த முறை கியூபெக்காரருக்குக் காய்ச்சல், அவர் போகவில்லை. போன் சிக்னல் இல்லாத இடத்திலும் செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் கருவி அவருடையது, அதுவும் போகவில்லை. இவரும் மற்ற நண்பரும் மாத்திரம் போனார்கள். போவதற்கு முன் இவர் ஒரு தாளில் எல்லாம் எழுதி எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தார். இரண்டு வழி எழுதியிருந்தது. ஒன்று கிழக்குப் பள்ளத்தாக்கு, மற்றது மேற்குப் பள்ளத்தாக்கு. காலையில் பனியைப் பார்த்து எது என்று முடிவெடுப்பார்கள். அங்கே பின்னேரம் மூன்று மணிக்குத் திரும்பல். அது எங்களுக்கு ஆறு மணி. அங்கே ஐந்தாகியும், அதாவது இங்கே எட்டாகியும், தகவல் வராவிட்டால் கூப்பிட வேண்டிய பொலிஸ் இலக்கம் கீழே சிவப்பில் இருந்தது.

எங்கள் நேரம் காலை பதினொரு மணிக்கு இவர் போன் எடுத்தார். நான் ஸ்காபரோவில் தமிழ்க் கடை வாசலில், இரண்டு கையிலும் பையோடு நின்றேன். ஊர் எல்லை தாண்டினால் சிக்னல் இருக்காது, அதனால் காரை ஓரம்கட்டி எடுத்திருந்தார். பனி எப்படி என்று கேட்டேன். வடிவாகக் கிடக்கிறது, ஆனால் நேற்றுக் காற்று அடித்திருக்கிறது என்றார். காலை அறிக்கையில் மேல்பக்கம் கணிசம் என்று போட்டிருந்ததை நினைவுபடுத்தினேன். தெரியும் என்றார். என்ஜின் இரைகிற சத்தம் கேட்டது.

“சரி, போட்டு வாறன்,” என்றார்.

கிழக்கோ மேற்கோ என்பது என் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் இவர் வெளிக்கிட்டுவிட்டார், கால் படியைத் தாண்டிவிட்டது. கேட்டால் இவர் திரும்பி வந்து இருந்து தண்ணீர் குடிக்க அங்கே என்ன வீடா இருக்கிறது? விழுங்கினேன்.

“ஓம். போட்டு வாங்கோ.”

ஆறு மணிக்குச் சோற்றை இறக்கினேன். ஆறரைக்கு ட்ரைவேயில் பனி தள்ளினேன். ஏழு மணிக்கு, பனி ஒன்றும் புதிதாக விழாமலே, மறுபடி தள்ளினேன். உள்ளே வந்து அறிக்கையைத் திறந்தேன். பின்னேரம் அதைப் புதுப்பித்திருந்தார்கள். காற்று அடித்து இறுக்கிய பலகைப் பனி பழைய பலவீனப் படையின் மேல் கிடக்கிறது, அன்றைக்கு ஆட்கள் கால் வைத்து இரண்டு இடத்தில் சரிந்திருக்கிறது என்று இருந்தது. எந்த இரண்டு இடம் என்று இல்லை. குசினியில் நடந்தேன். பேஸ்மென்ட்டுக்கு இறங்கி ஏறினேன். ஒன்றுமில்லாமல் ஃபிரிட்ஜைத் திறந்து மூடினேன், மூடும்போதெல்லாம் அந்தத் தாள் என் மூக்கு முன்னால் ஆடியது. எனக்குப் பயமாக இருந்தது. அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. கோபம் இருக்கிற வரைக்கும் இவர் உயிரோடு இருப்பார் என்று ஒரு விசர் நம்பிக்கை.

பல்கலைக்கழகத்திலிருந்து மகள் வந்திருந்தாள். எட்டு மணியை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, எட்டாச்சு. கோல் பண்ணுங்கோ.”

இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம் என்றேன். பொலிஸைக் கூப்பிடுவது எங்களுக்கு லேசில் வராது. கூப்பிட்டால் உண்மையாகிவிடும் என்ற எண்ணமும்தான். அவள் தாளைப் பிடுங்கி, இலக்கத்தை அடித்து, போனை என் காதில் வைத்தாள்.

மறுமுனையில் ஒரு பெண் பொலிஸ். அமைதியான குரல். இருவரின் பெயர், வயது, காரின் நிறம், என்ன சட்டை, பீக்கன் இருக்கிறதா, வகுப்பு எடுத்தவர்களா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் மளமளவென்று பதில் சொன்னேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு, இரண்டு வழியில் எந்த வழியால் போனார்கள் என்று கேட்டாள்.

தெரியாது என்று சொன்னேன்.

அவள் குரல் மாறவில்லை. இருட்டில் மலைக்கு ஆள் அனுப்ப முடியாது, முதலில் கார் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினாள். அந்தப் பகுதியில் அப்போது நின்றது ஒரே ஒரு பொலிஸ் கார். இரண்டு பள்ளத்தாக்கின் வாசலுக்கும் இடையில் நாற்பது நிமிட ஓட்டம். எதுக்கு முதலில் அனுப்ப என்று என்னிடம் கேட்டாள். மனைவிக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாள் போலும். நான் கிழக்கு என்றேன். இவர் எப்போதும் கிழக்கைப் புகழ்வார், அது ஒன்றுதான் காரணம். சொன்ன மறுநிமிடமே மேற்கு என்று தோன்றியது. போனை வைத்த பிறகும் கிழக்கு, மேற்கு என்று மாறி மாறி வந்துகொண்டே இருந்தது.

“நீங்கள் ஏன் கேக்கேல்லை?” என்றாள் மகள். “காலமை கதைச்சனீங்கள்தானே. வை டின்ற் யூ ஜஸ்ற் ஆஸ்க்?”

அவளுக்கு நான் என்ன சொல்ல? அவளுடைய மாமா ஒருவர் இருந்தார் என்று அவளுக்குத் தெரியும், படம் இருக்கிறது. படலையையும் சந்தியையும் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அப்போதுதான் சொன்னேன். நடந்து நடந்து சொன்னேன், நிற்க முடியவில்லை. அவள் படிக்கட்டில் இருந்து கேட்டாள். முடித்ததும் எழும்பி வந்து என் கையைப் பிடித்து, கதிரையில் இருத்தினாள். இருந்தேன். அன்று மாலை முழுக்க நான் கதிரையில் இருந்தது அப்போது ஒரு ஐந்து நிமிடம்தான்.

ஒன்பது மணிக்கு அந்தப் பெண் பொலிஸ் எடுத்தாள். கிழக்கில் அவர்களுடைய கார் இல்லை, பொலிஸ் காரை மேற்குக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்றாள். என் சொல்லால் நாற்பது நிமிடம் போனது. பனிக்குள் கிடப்பவனுக்கு நாற்பது நிமிடம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், எனக்குப் படிப்பித்தவரே இவர்தான். அம்மாவும் மூன்று தெருவில் ஒன்றைத்தானே முதலில் தெரிந்தெடுத்திருப்பா. எதை என்று நான் அவவிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒன்பது இருபத்தைந்துக்குத் தெரியாத ஒரு இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

“நான்தான். வந்திட்டம். ஒண்டுமில்லை, ரெண்டு பேரும் வந்திட்டம்,” என்றார் இவர். நெடுஞ்சாலையில் ஒரு பெற்றோல் செட்டிலிருந்து எடுக்கிறாராம். குளிரில் இரண்டு போனும் செத்துவிட்டதாம்.

சுகமா என்று நான் கேட்கவில்லை. கடவுளே என்று சொல்லவில்லை.

“எங்கை போனனீங்கள்?”

கடைக்குள் யாரோ காசுப் பெட்டியை அடித்து மூடும் சத்தம் கேட்டது.

“மேற்கு,” என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மரங்கள் முடியும் உயரத்தில், ஒரு பரந்த சரிவின் விளிம்பில், காலுக்குக் கீழே பனி ‘வூம்’ என்று ஒரு சத்தம் போட்டு இறங்கியதாம். உள்ளே பலவீனமான படை உடைகிற சத்தம் அது. முன்னால் நீளமாக ஒரு வெடிப்பு ஓடியது. சரியவில்லை. அந்த இடத்திலேயே திரும்பிவிட்டார்கள். ஆனால் ஏறி வந்த தடம் அதே சரிவுக்குக் கீழால் போகிறது. அதால் இறங்கப் பயந்து, அடர்ந்த காட்டுக்குள்ளால் சுற்றி, இடுப்பளவு பனியில் இறங்கி வந்திருக்கிறார்கள். அதனால்தான் நேரம் போனது. படித்ததை அப்படியே செய்தவர்கள். பிந்தினபடியால் பிழைத்தவர்கள். அதை எல்லாம் என் மூளை விளங்கிக்கொண்டது. வாய் மட்டும் விளங்கிக்கொள்ளவில்லை. முப்பது வருடத்துக்குச் சேர்த்து வைத்திருந்ததையும் அந்தப் பெற்றோல் செட்டுக்குள் ஏசித் தீர்த்தேன்.

இவர் முழுதும் கேட்டுக்கொண்டு நின்றார்.

“நானும் சொல்லத்தான் வெளிக்கிட்டனான்,” என்றார் கடைசியில். “நீர் கேக்கேல்லை. போகேக்கை சொன்னால் சரிவராதெண்டு நானும் விட்டிட்டன்.”

வகுப்பு எடுத்தவர். சான்றிதழை மட்டை போட்டு வைத்திருக்கிறவர். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எங்கள் இரண்டு ஆனைக்கும் ஒரே இடத்தில் சறுக்கியிருக்கிறது.

அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை, ஏன் என்று இன்னும் எனக்குத் தெரியாது. அடுத்த மாதமே மூன்று பேருமாகப் போனார்கள், செய்மதிக் கருவியோடு. ஃபிரிட்ஜில் புதுத் தாள், மறுபடி இரண்டு வழி.

காலை பதினொரு மணிக்கு இவர் எடுத்தார். நான் குசினியில் பேனையோடு நின்றேன். பனியைப் பற்றிச் சொன்னார், நான் அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். பிறகு இவர் “போட்டு வாறன்” என்று சொல்லவில்லை. என்ஜின் நின்றது. கதவு திறந்து மூடும் சத்தம். பனியில் இரண்டு மூன்று காலடி. போத்தல் மூடி திருகும் சத்தம், ஒரு மிடறு.

“தண்ணி குடிச்சிட்டன்,” என்றார். “இப்ப கேளும்.”

அம்மாவின் கை என் வாயைப் பொத்துகிறது என்று நினைத்தேன். அங்கே இவர் பனியில் நின்று காத்துக்கொண்டிருந்தார்.

“எங்கை போறியள்?” என்று கேட்டேன்.

“கிழக்கு,” என்றார்.

எழுதிக்கொண்டேன்.